பழைய லாரியில் எஞ்சின் சூடா, மீட்டர் கோளாறா: கழற்றுவதற்கு முன் கண்டறியும் முறை

பழைய லாரி ஒன்றின் டெம்பரேச்சர் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், எஞ்சின் உண்மையிலேயே சூடேறியிருக்கலாம். எஞ்சின் நன்றாக இருந்தும் மீட்டரோ, சென்சாரோ, இரண்டுக்கும் இடையில் ஓடும் வயரோ, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பான எர்த்தோ கெட்டுப் போயிருக்கலாம். இவற்றில் எது என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பதுதான் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் செய்யும் முதல் தவறு. எஞ்சினின் சூட்டை வண்டியின் மீட்டரை விட்டு வேறொரு கருவியால் அளந்து, ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எதைக் கழற்றுவது என்ற முடிவு அதற்குப் பிறகுதான் வர வேண்டும். இந்த வழிகாட்டி எலக்ட்ரானிக் கட்டுப்பாடு இல்லாத, மெக்கானிக்கல் டீசல் பம்ப் கொண்ட பழைய லாரிகளுக்கானது. பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை மாசு விதி 2017 ஏப்ரலில் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்த பிறகு வெளியான கனரக வண்டிகளில் சென்சாரின் அளவைப் பெரும்பாலும் எஞ்சினின் கணினியே படிப்பதால், இங்கே சொல்லப்படும் மின்சோதனைகளை அவற்றில் செய்து பார்க்கக் கூடாது.

எங்கள் குடும்பத்தில் ஓடிய ஆறு சக்கர லாரி ஒன்றில் இரவு ஓட்டத்தில் மட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தது. பட்டறையில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றினார்கள்; ரேடியேட்டரையும் இறக்கிச் சர்வீஸ் செய்தார்கள். வண்டி திரும்பி வந்த முதல் இரவே முள் பழைய இடத்துக்குப் போய்விட்டது. ஒரு நாள் பகலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும்போது தற்செயலாக ஹெட்லைட்டைப் போட, முள் விருட்டென்று ஏறியது, அணைத்தால் இறங்கியது. தண்ணீரின் சூடு ஒரு நொடியில் அப்படி ஏறி இறங்க வழியே இல்லை. எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையின் முனையைக் கழற்றிப் பார்த்தபோது, பெயின்டுக்கு அடியில் செம்பு பச்சை பூத்து, பாதிக் கம்பிகள் பொடியாக உதிர்ந்தன. உப்புத்தாளால் தேய்த்து வேறு பட்டை மாட்டியதும் முள் நடுவில் நின்றுவிட்டது.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி ஒன்றும் எனக்குத் தெரியும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு ஏறிக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர், உச்சத்துக்குப் போன முள் தானாகவே கீழே இறங்கியதைக் கண்டு, எஞ்சின் ஆறிவிட்டது என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டினார். ரேடியேட்டரின் கீழ் ரப்பர் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுதும் கொட்டிப் போயிருந்ததால், சென்சாரின் நுனி தண்ணீரில் இல்லாமல் வெறும் ஆவியிலும் காற்றிலும் நின்றிருக்கிறது. சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ஏற்றத்தில் முள் காரணமின்றிச் சட்டென்று இறங்குவது, ஏறுவதைவிட அபாயமான அடையாளம். அப்போது உடனே ஓரம் கட்டி நிறுத்த வேண்டும்.

வழியில் சூடேறினால்

சூடேறியதாகச் சந்தேகம் வந்தால், சமதளத்தில் நிறுத்தி, தண்ணீர் வெளியேறவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிடலாம். அதனால் ஹெட்டில் தேங்கிய சூடு சுற்றிப் பரவிக் குறையும். தண்ணீர் கொட்டியிருந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்காவது தொடக் கூடாது. மூடி அழுத்தம் தாங்குவதற்காகவே அமைந்தது, 0.5 பார் அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 111 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்த கணமே அது கொதித்து ஆவியும் வெந்நீருமாகச் சீறும். ஈரச் சாக்கை மேலே போட்டுத் திறக்கும் பழக்கத்தால் முகமும் கையும் வெந்துபோனவர்கள் நிறையப் பேர். மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் இளகிக் கொடுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு, மூடியை முதல் நிறுத்தம் வரை மட்டும் திருப்பிக் காத்திருந்து, சத்தம் அடங்கியதும் முழுதாகத் திறக்கலாம். சூடான ஹெட்டின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும், காலியான சூடான எஞ்சினுக்குள் ஒரே மூச்சில் தண்ணீர் விடுவதும் வார்ப்பிரும்பை வெடிக்க வைக்கும்.

காலையில், குளிர்ந்த எஞ்சினில் தொடங்குங்கள்

கண்டறியும் வேலையை இரவு முழுதும் நின்று குளிர்ந்த எஞ்சினில் தொடங்குவதுதான் சரி, ஏனென்றால் சில அடையாளங்கள் அப்போது மட்டுமே தெரியும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் முள்ளைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் அது அடிக்கோட்டில்தான் கிடக்க வேண்டும். பாதி வரை எழுந்து நின்றால், எஞ்சினை அன்று தொடவே வேண்டியதில்லை, கோளாறு மின்பக்கத்தில் இருக்கிறது. டீசல் மீட்டரையும் சேர்த்துப் பாருங்கள். டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நேரத்தில் வழக்கத்தைவிட அதிகமாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அதைக் கீழே விளக்குகிறேன்.

பிறகு மூடியைத் திறந்து தண்ணீரின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். செங்காவியாக இருந்தால் துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஆயில் கூலரிலோ கேஸ்கெட்டிலோ கசிவு. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்திருக்கிறது, அந்த நிலையில் எஞ்சினை ஓட்டவே கூடாது. மூடியையும் கையில் எடுத்துப் பாருங்கள்: உள் ரப்பர் வெடித்திருக்கிறதா, ஸ்பிரிங் துருவேறித் தளர்ந்திருக்கிறதா, நடுவில் இருக்கும் சிறிய வால்வு விரலால் இழுத்தால் அசைகிறதா என்று கவனியுங்கள். இந்தச் சிறிய வால்வு அடைத்துக்கொண்டால், எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, காலையில் ஹோஸ் சப்பிப் போய்க் கிடக்கும்.

அடுத்து, மூடி திறந்த நிலையிலேயே எஞ்சினை எடுத்து ரேடியேட்டர் வாயைக் கவனியுங்கள். தண்ணீர் இன்னும் சூடேறாமல் இருக்கும்போதே குமிழிகள் இடைவிடாமல் வந்தால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் நுழைகிறது என்றும், ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது என்றும் உடனே சொல்லிவிடுவார்கள். அங்கே ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். பல லாரிகளில் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸரின் ஹெட்டும் எஞ்சின் தண்ணீரால்தான் குளிர்விக்கப்படுகிறது; அந்தக் கம்ப்ரஸரின் கேஸ்கெட் பிளந்தாலும் இதே குமிழிகள் வரும். காற்றுத் தொட்டி நிரம்பிக் கம்ப்ரஸர் சுமையிலிருந்து விடுபட்டதும் குமிழி நின்றால், பிரேக்கை நாலைந்து முறை மிதித்துக் காற்றைக் குறைத்து, அது மறுபடி ஏறும்போது குமிழியும் மறுபடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் குற்றவாளி கம்ப்ரஸர். எஞ்சின் ஹெட்டைத் தொட வேண்டாம். காற்று நிரம்பிய பிறகும் குமிழி நிற்காமல், மூடியைப் போட்ட ஓரிரு நிமிடத்தில் குளிர்ந்த மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், ஹெட் கேஸ்கெட் என்ற சந்தேகம் வலுக்கிறது. எரிந்த வாயுவைக் கண்டறியும் நீலத் திரவச் சோதனைக் கருவி பட்டறையில் இருந்தால் அதையும் செய்து பார்க்கலாம். எரிந்த வாயு பட்டால் திரவம் மஞ்சள் பக்கம் மாறும். டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது புகையில் கரியமில வாயு குறைவாக இருப்பதால் நிறம் மெதுவாகத்தான் மாறும். அவசரப்பட்டு நல்லது என்று முடிவுகட்டக் கூடாது.

கையில் ஓர் எண்

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், அதாவது தூரத்திலிருந்து சூட்டைப் படிக்கும் துப்பாக்கி வடிவக் கருவி, பழைய லாரி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டிய பொருள் என்பது என் உறுதியான கருத்து. ஹெட்டை ஒருமுறை தேவையில்லாமல் கழற்றும் கூலியோடு பார்த்தால் அதன் விலை மிகவும் குறைவு. ஆனால் அதைப் பயன்படுத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு. பளபளப்பான அலுமினியத்தையோ பித்தளையையோ குறிவைத்தால், அது உண்மையான சூட்டைவிட மிகக் குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட், அதாவது தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு, இருக்கும் இடத்தின் மூடி மேல் ரூபாய்க் காசு அளவுக்கு மங்கலான கறுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, காய்ந்த பிறகு எப்போதும் அந்தப் பொட்டையே ஒரு சாண் தூரத்திலிருந்து படியுங்கள். சிவப்பு ஒளிப்புள்ளி குறிவைக்க மட்டுமே உதவும். கருவி படிக்கும் வட்டம் அதைவிடப் பெரியது, தூரம் கூடக் கூட அதுவும் விரியும். உலோகத்தின் மேற்பரப்பு உள்ளே ஓடும் தண்ணீரைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

சுமையோடு ஒரு மணி நேரமாவது ஓடி வந்த வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே பொட்டைப் படியுங்கள். அங்கே 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்து, முள் மட்டும் சிவப்பில் நின்றால் மீட்டர் தரப்பைத் தேடுங்கள். 100-ஐத் தாண்டினால் முள் எங்கே நின்றாலும் எஞ்சின் தரப்பைத் தேடுங்கள். முள் நடுவில் நிம்மதியாக நிற்க, கருவி 105 காட்டும் வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். அவைதான் எச்சரிக்கையே இல்லாமல் போய் நிற்பவை. கருவியைப் பிடிக்கும்போது தோளில் துண்டோ, அவிழ்ந்த லுங்கி முனையோ ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் தரப்பு

பழைய லாரிகளில் இந்த ஏற்பாடு மிக எளிமையானது. சாவி வழியாக வரும் மின்சாரம் மீட்டருக்குப் போகிறது. மீட்டரிலிருந்து ஒரே ஒரு வயர் எஞ்சினில் முடுக்கப்பட்ட சென்சாருக்குப் போகிறது. சென்சார் தன் உடலின் வழியாகவே எஞ்சினுக்கு எர்த் ஆகிறது. சென்சாருக்குள் இருக்கும் பொருளின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், முள் ஏறும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்: வயர் அறுந்தால் முள் குளிர்ந்த பக்கத்தில் கிடக்கும், வயர் தோல் உரிந்து பாடியைத் தொட்டால் முள் சூட்டின் உச்சிக்குப் போகும்.

சோதனையைச் சென்சாரின் வயரைக் கழற்றுவதிலிருந்து தொடங்குங்கள். முதலில் அது சரியான சென்சார்தானா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் சில எஞ்சின்களில் மீட்டருக்கு ஒன்று, எச்சரிக்கை விளக்குக்கோ பஸ்ஸருக்கோ இன்னொன்று என்று இரண்டு இருக்கும். இரண்டையும் மாற்றி மாட்டிய வண்டிகள் உண்டு. சாவி ஆனில் இருக்க, வயரைக் கழற்றியதும் முள் அடிக்கு இறங்க வேண்டும். இறங்காமல் உச்சியிலேயே நின்றால், வயர் வழியில் எங்கோ பாடியைத் தொடுகிறது. சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலும், கேபின் தகட்டின் துளை வழியாக நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் உதிர்ந்த ஓரத்திலும் முதலில் தேடுங்கள். அடுத்து, வயரின் முனையைச் சில பத்து ஓம் கொண்ட ஒரு மின்தடை வழியாக எஞ்சினின் சுத்தமான இரும்பில் தொடுங்கள். முள் ஏறத் தொடங்க வேண்டும், ஏறியதும் எடுத்துவிடுங்கள். நேரடியாக எர்த்தில் தொட்டுப் பார்ப்பதுதான் பட்டறை வழக்கம், ஆனால் அதைச் சில நொடிகளுக்கு மேல் நீட்டித்தால் சில மீட்டர்களின் சுருள் எரிந்துவிடும். தொட்டும் முள் அசையவில்லை என்றால் ஃபியூஸ், மீட்டருக்கு வரும் மின்சாரம், இடையில் அறுந்த வயர், மீட்டர் என்ற வரிசையில் பாருங்கள். கழற்றினால் இறங்கி, தொட்டால் ஏறினால், மீட்டரும் வயரும் நல்லவை. சந்தேகம் சென்சார் மேல் திரும்புகிறது.

சென்சாரைச் சோதிக்க அடுப்பும், தண்ணீர்ப் பாத்திரமும், கண்ணாடித் தெர்மாமீட்டரும், மல்டிமீட்டரும் போதும். சென்சாரின் நுனி மட்டும் மூழ்கும்படி ஒரு கம்பியில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைச் சென்சாரின் தலையிலும் மறுமுனையை அதன் உடலிலும் பிடியுங்கள். 40, 60, 80 டிகிரிகளிலும் கொதிநிலையிலும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு வண்டி எண்கள் மாறும் என்றாலும், பல சென்சார்களில் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நூறு ஓம் இருப்பது கொதிக்கும் தண்ணீரில் சில பத்து ஓமாக இறங்கும். இறக்கம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். எண் நடுவில் தாவினாலோ, சென்சாரை விரலால் தட்டும்போது மாறினாலோ அதை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பழைய சென்சாரையே கடைக்கு எடுத்துச் சென்று, அதே மீட்டருக்கான எண் உள்ளதை வாங்க வேண்டும். மரை பொருந்துகிறது என்பதற்காக வாங்கிய சென்சார், வேறு தடை அளவு கொண்டதாக இருந்தால், நல்ல எஞ்சினை வாழ்நாள் முழுதும் சூடாகவோ குளிர்ச்சியாகவோ காட்டிக்கொண்டே இருக்கும். மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றி முடுக்குவதும் கூடாது. சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் கிடைக்கிறது.

இனி, டீசல் முள்ளும் சேர்ந்து ஏறும் கோளாறு. இரட்டை உலோகப் பட்டை சூடாகி வளைவதால் முள் மெதுவாக நகரும் பைமெட்டல் வகை மீட்டர்கள் கொண்ட பல பழைய வண்டிகளில், பேட்டரியின் ஏறி இறங்கும் வோல்ட்டேஜை அப்படியே கொடுக்காமல், டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சிறிய வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர் வழியாகக் கொடுப்பார்கள். 12 வோல்ட் வண்டிகளில் அது சராசரியாக 10 வோல்ட்டை ஒட்டிக் கொடுக்கும். அது கெட்டாலோ, அதன் எர்த் விட்டுப் போனாலோ, முழு பேட்டரி வோல்ட்டேஜும் மீட்டர்களுக்குள் போய், இரண்டு முள்களும் ஒன்றாக ஏறும். இரண்டும் ஒன்றாக ஏறும் வண்டியில் எஞ்சினைப் பிரிப்பதைப் போல வீண்வேலை வேறில்லை.

எர்த் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். நாமக்கல், திருச்செங்கோடு, கரூர்ப் பக்கங்களில் கட்டும் லாரிகளுக்குச் சேஸிஸ் ஒரு கம்பெனியிலிருந்து வரும். கேபினும் பாடியும் அதன்மேல் பட்டறையில் கட்டப்படும். கட்டிய பிறகு கூடுதல் விளக்கு, ஹாரன், சாமி படத்துக்குச் சீரியல் பல்பு, பாட்டுப் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேரும். ஒவ்வொன்றுக்கும் எர்த், கைக்கெட்டிய ஒரே போல்ட்டில் பெயின்டின் மேலேயே முடுக்கப்பட்டிருக்கும். இருபது வருடம் மழையிலும் தூசியிலும் ஓடிய வண்டியில் அந்த போல்ட்டை நம்புவதற்கில்லை. சோதிக்கும் முறை இது: எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுரண்டிய இரும்பிலும் பிடியுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.2-ஐத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அதே சோதனையைப் பேட்டரி நெகட்டிவுக்கும் மீட்டர் பெட்டியின் எர்த்துக்கும் இடையில் செய்யுங்கள். செல்ஃப் எடுக்கும்போது எஞ்சின் சோம்பலாகச் சுற்றுவதும், எர்த் பட்டை கையில் சூடாகத் தட்டுப்படுவதும் இதற்குத் துணைச் சாட்சிகள். சரிசெய்வது செலவில்லாத வேலை: பட்டையின் இரு முனைகளையும் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

மிகப் பழைய சில வண்டிகளில் மின்சாரமே இல்லாமல், மெல்லிய குழாய் ஒன்று எஞ்சினிலிருந்து மீட்டர் வரை ஓடும். குழாய்க்குள் அடைத்த திரவம் சூட்டில் உண்டாக்கும் அழுத்தம் முள்ளைத் தள்ளுகிறது. குழாய் மடிந்தாலோ அறுந்தாலோ மொத்தமாக மாற்ற வேண்டியதுதான்.

எஞ்சின் தரப்பு

எண் உண்மையிலேயே உயர்ந்திருந்தால், எப்போது உயர்கிறது என்ற கேள்வியே பாதி வழியைக் காட்டிவிடும். நின்று ஓடும்போதும் ஊருக்குள் நெரிசலிலும் மட்டும் ஏறி, ஓட்டத்தில் இறங்கினால் காற்று போதவில்லை. சமதளத்தில் சரியாக இருந்து, சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றத்தில் சரக்கோடு ஏறும்போது மட்டும் உயர்ந்தால், தண்ணீர் ஓட்டம் குறைவு அல்லது ரேடியேட்டர் அடைப்பு. எடுத்த சில நிமிடங்களிலேயே கொதித்தால் தெர்மோஸ்டாட், கேஸ்கெட், அல்லது தண்ணீர் மாற்றியபோது உள்ளே தங்கிய காற்று.

காற்றைப் பொறுத்தவரை ஃபேன் பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை அமுங்கலாம். அதோடு புல்லியின் பள்ளத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்: பெல்ட் பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களைக் கவ்வ வேண்டும். பள்ளத்தின் அடி கண்ணாடி போலப் பளபளத்தால், தேய்ந்த பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது. எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. பிறகு ரேடியேட்டரின் முகத்தைப் பாருங்கள். வைக்கோல், பஞ்சு, பூச்சி, எண்ணெயில் ஒட்டிய மண் ஆகியவை இன்டர்கூலர் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் கருவி) உள்ள வண்டியில் அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் அடைத்து, முன்னாலிருந்து பார்த்தால் தெரியாமல் கிடக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் காற்றோ தண்ணீரோ அடியுங்கள், மெல்லிய இதழ்கள் மடங்காத அழுத்தத்தில். ஃபேனைச் சுற்றி இருந்த தகட்டுக் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்ட வண்டிகளில், ஃபேன் இழுக்கும் காற்று ரேடியேட்டர் வழியாக வராமல் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைத் திரும்ப மாட்ட வேண்டும்.

தண்ணீர்ப் பக்கத்தில் தெர்மோஸ்டாட்டைப் பற்றித்தான் எனக்குப் பெரிய ஆதங்கம். வண்டி சூடேறினால் முதலில் அதைக் கழற்றி வீசிவிடுவது நம் பக்கத்தில் ஊறிப்போன வழக்கம். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவரும் பைபாஸ் வழியையும் அதுவே அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே திரும்பி எஞ்சினுக்குள் போகும். ஏற்றத்தில் முன்பைவிட அதிகமாகச் சூடேறும். இறக்கத்திலும் இரவிலும் எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டரின் உள்சுவரான லைனரும் சீக்கிரம் தேயும். எறிவதற்கு முன் சோதியுங்கள். வால்வு மூடிய நிலையில் அதன் இடுக்கில் ஒரு தையல் நூலைச் செருகி, நூலைப் பிடித்துத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அடி தொடாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். வால்வு திறக்கும் கணத்தில் நூல் விட்டுத் தெர்மோஸ்டாட் கீழே விழும். அந்தச் சூடும், அதன் உடலில் பொறித்திருக்கும் எண்ணும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். அதற்கு மேல் 10, 12 டிகிரியில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும்.

ரேடியேட்டர் அடைப்பை மீண்டும் இன்ஃப்ராரெட் கருவியே காட்டும். சூடான வண்டியில் ரேடியேட்டர் முகத்தை வரிசை வரிசையாகப் படியுங்கள். மேலிருந்து கீழே சூடு படிப்படியாகக் குறைய வேண்டும்; நடுவில் ஓரிடம் மட்டும் சில்லென்று இருந்தால், அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. சுமையோடு வந்து நின்றதும் மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் ஏறக்குறைய 5 முதல் 10 டிகிரி வித்தியாசம் இருப்பது வழக்கம். வித்தியாசம் 20-ஐத் தாண்டினால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது. இரண்டும் ஒரே அளவாகக் கொதித்தால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் சூட்டை எடுத்துச் செல்லவில்லை. அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நாம் ஊற்றும் போர் தண்ணீர். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்புதான் ரேடியேட்டர் குழாயிலும் ஹெட்டின் தண்ணீர்ப் பாதையிலும் படிகிறது. செம்பு–பித்தளை ரேடியேட்டரானால் மேல் தொட்டியைப் பிரித்துக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். அலுமினியமானால் காஸ்டிக் சோடாவைக் கிட்டே கொண்டுவராதீர்கள், அது உலோகத்தையே தின்றுவிடும்.

எஞ்சினை வேகமாக உறுமவிட்டு, ஒருவர் கீழ் ஹோஸைக் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்க வேண்டிய சுருள் கம்பி துருப்பிடித்துப் போன ஹோஸ், வாட்டர் பம்ப் உறிஞ்சும் வேகத்தில் சப்பி ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்றதும் பழையபடி உப்பிவிடும். பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் கசிவும், ஃபேனைப் பிடித்து ஆட்டினால் ஷாஃப்டில் ஆட்டமும் இருந்தால் பம்பை மாற்ற வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் மட்டும் சூடேறினால், எஞ்சின் உண்டாக்கும் சூடே அதிகமாக இருக்கலாம். டீசல் பம்ப் டைமிங் பின்தங்கியிருப்பது (டீசல் தாமதமாகப் பீய்ச்சப்படுவது), பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருப்பது, அடைத்த ஏர் ஃபில்டர், பிடித்துக்கொண்டே வரும் பிரேக் ஆகியவற்றைப் பாருங்கள். ஓடி வந்ததும் ஒவ்வொரு டிரம்மையும் அதே கருவியால் படித்தால், பிடிக்கும் சக்கரம் தனியாகத் தெரிந்துவிடும். 16.2 டன் மொத்த எடைக்கென்று செய்த ஆறு சக்கர லாரியின் ரேடியேட்டர், 2018-இல் அச்சுச் சுமை வரம்பு உயர்ந்தபோது தானாகப் பெரிதாகிவிடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேலை முடிந்த பிறகு

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் கம்பெனி சொன்ன விகிதத்தில் கலந்து, மெதுவாக நிரப்புங்கள். எஞ்சினில் காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, தண்ணீர் மட்டும் வரும்வரை விட்டு மூடுங்கள். இல்லையென்றால் மூடியைத் திறந்தபடி ஐட்லிங்கில் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கும்போது மறுபடி நிரப்புங்கள். அடுத்த நாள் காலை, வண்டி குளிர்ந்த பின் மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கடைசியாக, கறுப்புப் பொட்டு 85 டிகிரி காட்டும்போது முள் நிற்கும் இடத்தில், மீட்டரின் கண்ணாடி மேல் வெள்ளைப் பெயின்டால் மெல்லிய கோடு ஒன்று இடுங்கள். 95 டிகிரியில் இன்னொரு கோடு. வண்டியை எந்த ஓட்டுநர் எடுத்தாலும், முள் இரண்டாவது கோட்டைத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்றும், ஏற்றத்தில் முதல் கோட்டுக்குக் கீழே சட்டென்று விழுந்தாலும் நிறுத்த வேண்டும் என்றும் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுங்கள்.